ஆழ்கடலின் சிற்றுயிர்களும் தென்னாற்காட்டுக் கரையும்

திண்டிவனம் நகரத்தோடு இன்று ஒன்றிப்போய்விட்ட கிடங்கில் என்னும் ஊர், ஓய்மாநாட்டை ஆண்ட நல்லியக்கோடனுடைய கோட்டை நகரமாக விளங்கியது என்பதும், அவனுக்குரிய எயிற்பட்டினம் என்னும் நெய்தல் நிலப் பட்டினம் இன்றைய மரக்காணமே என்று அறிஞர் பலர் துணிந்திருப்பதும், சிறுபாணாற்றுப்படையைப் பயின்றவர்கள் நன்கு அறிந்த செய்திகள். உள்நாட்டுக் கோட்டையும் கடற்கரைப் பட்டினமும் ஒரே தலைவனுடைய குடைக்கீழ் இருந்த அந்தப் பிரதேசம், பின்னாளில் ஆங்கிலேயர் வகுத்த தென்னாற்காடு ஜில்லாவிலும் பிரியாமல் இருந்து, 1993-ஆம் ஆண்டில் அந்த ஜில்லா இரண்டாகப் பிரிக்கப்பட்டபோது விழுப்புரத்தின் பங்காக வந்து சேர்ந்தது. மரக்காணத்து உப்பளங்களுக்குக் கிழக்கே அலையடிக்கும் கடலையும், அதன் மேல் செல்லும் கலங்களையும், கரையில் உலரும் மீனையும் நம் பழம்புலவர்கள் அன்போடு பாடியிருக்கிறார்கள். ஆனால் சூரிய ஒளி எட்டாத அதன் அடித்தளத்தில், எள்ளளவும் அரிசியளவுமாக ஊர்ந்தும் நீந்தியும் ஜீவிக்கும் ஓட்டுடலிகளை மனிதர் முதன்முதலாகக் கண்டதும், ஒவ்வொன்றையும் ஏனையவற்றினின்று பிரித்தறிந்து இன்னது என்று எழுதி வைத்ததும், சுமார் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு உட்பட்ட சரித்திரம். இறாலும் நண்டும் கூனியும் சேர்ந்த அந்தப் பெருங்குலத்தின் மிகச் சிறிய உறுப்பினர்களைப் பற்றிய அந்தச் சரித்திரம் தமிழில் விரிவாகச் சொல்லப்பட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆவல்.

கடல் ஜந்துக்களுக்கு விவரணம் எழுதும் காரியம் இந்தப் பிரதேசத்தில் தரைமேலேயே தொடங்கியது. புதுவைக்கு அருகிலுள்ள வழுதாவூரைச் சூழ்ந்த நிலத்தில், மேலே காணும் மண்ணுக்கு அடியிலும் ஓடைக் கரைகளிலும் தென்படும் சுண்ணாம்புப் பாறைகள், சுமார் 7 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே பரவியிருந்த கடலின் அடிவண்டல் இறுகியதனால் உண்டானவை. சென்னை சிவில் சர்விஸைச் சேர்ந்த கே என்பவரும் கன்லிஃப் என்பவரும் 1840-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அங்கும் திருச்சிராப்பள்ளிப் பக்கத்திலும் சேகரித்த சங்குகளும், சுருண்ட ஓடுடைய அம்மோனைட்டுகளும் லண்டனுக்குக் கப்பலேறின. அவற்றை எட்வர்டு ஃபோர்ப்ஸ் என்னும் இயற்கை நூலறிஞர் ஆராய்ந்து 1846-இல் படங்களோடு வெளியிட்டார். புதுவையைச் சார்ந்த பாறைகளின் வயதை அவர் உள்ளதற்கு அதிகமாகவே மதித்துவிட்டார். எனினும் அவர் எழுதிய விவரங்களும் வரைவித்த படங்களும் அச்சில் நிலைத்திருந்தமையால், பின்வந்த பிளான்ஃபோர்டும், ஸ்டோலிச்காவும், 1890-களில் வியன்னாவிலிருந்து எழுதிய கோஸ்மாட்டும் அவற்றையே அடிப்படையாகக் கொண்டு அந்தக் கணக்கைத் திருத்த முடிந்தது. கல்லாகிப்போன மரங்களைக் காணத் திருவக்கரைக்குச் செல்லும் அன்பர்கள், சிறிது தொலைவிலேயே கல்லாகிப்போன ஒரு சமுத்திரமும் கிடக்கிறது என்பதை நினைவிற்கொள்வது நல்லது.

ஃபோர்ப்ஸின் கணிப்புத் திருத்தப்பட்ட விதத்திலேயே இந்த வித்தையின் முதல் நியாயம் அடங்கியிருக்கிறது. வலையில் ஏறிய கணத்தில் ஒரு ஜந்து சாஸ்திரத்துக்குத் தெரிந்ததாகிவிடுவதில்லை. அதன் உடல் ஒரு பொதுக் காட்சிச்சாலையில் எவரும் மீண்டும் எடுத்துப் பார்க்கும்படி வைக்கப்பட்டு, அதன் அங்கங்கள் சொல்லாலும் சித்திரத்தாலும் வர்ணிக்கப்பட்டு, நெருங்கிய உறவினங்களிலிருந்து அது எவ்வாறு வேறுபடுகிறது என்பது காட்டப்பட்டு, லின்னேயஸ் என்னும் ஸ்வீடன் நாட்டு அறிஞர் 1758-இல் விலங்குகள் அனைத்துக்கும் விதித்த முறைப்படி இரண்டு சொற்களாலான ஒரு பெயரும் பெற்று அச்சேறிய பின்னரே, அது நூதன இனம் என்று உலகத்தாரால் ஏற்றுக்கொள்ளப்படும். அந்த முதற்சான்றான உடலுக்கு மூலமாதிரி என்று பெயர். எழுதியவர் தவறியிருந்தாலும் மூலமாதிரி உண்மையைச் சொல்லும். ஆகவே எழுத்தைக் காட்டிலும் கண்ணாடிக் குப்பியைக் காப்பதே பெரிய கடமை என்பது என் கருத்து.

சோழமண்டலக் கரையின் ஓட்டுடலிகளில் முதலில் இந்த மரியாதையைப் பெற்றவை பெரிய நண்டுகளே. டேனிஷ்காரர் வசம் இருந்த தரங்கம்பாடியில், 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், ஜான் என்னும் பாதிரியாரும் டால்டார்ஃப் என்னும் ராணுவ அதிகாரியும் திரட்டிய உயிரினங்கள் ஐரோப்பாவுக்குச் சென்றன. ஃபாப்ரிஷியஸ் 1798-இல் விவரித்த சேற்றுநண்டு ஒன்று, இன்றும் ஸ்கில்லா ட்ராங்கிபாரிக்கா என்று தரங்கம்பாடியின் பெயரையே தாங்கி நிற்கிறது. கையகல நண்டை உலர்த்திப் பெட்டியிலிட்டால் கடல் கடந்தும் போய்ச் சேரும்; எள்ளளவு ஜந்துவுக்கோ எரிசாராயமும் பூதக்கண்ணாடியும் பொறுமையும் வேண்டும்; ஆழ்கடலின் சிற்றுயிருக்கு இவை மூன்றோடு நீராவிக் கப்பலும் வேண்டும். அந்தக் கப்பல் வர இன்னும் எண்பது ஆண்டுகளுக்கு மேல் கழிய வேண்டியிருந்தது.

ஆழ்கடல் ஆராய்ச்சிக்குத் தாயாகிய சாலஞ்சர் கப்பல் 1872 முதல் 1876 வரை உலகைச் சுற்றியபோது, இந்துமாக்கடலின் தென்கோடியைத் தொட்டுச் சென்றதேயன்றி வங்காள விரிகுடாவில் நுழையவில்லை. அந்தக் குறையை நிறைத்தவர்கள் கல்கத்தா இந்தியக் காட்சிச்சாலையைச் சேர்ந்தவர்களும், இந்தியக் கடல் அளவைத் துறையின் வைத்தியர்களும் ஆவர். காட்சிச்சாலையின் உட்-மேசன் 1872-இல் அந்தமான் தீவுகளுக்கு அருகே ஆழநீரில் அரித்தெடுத்த ஒரு சிறு கல்லிறால், பார்வைக்குதவாத சிறுத்த கண்களோடு இருந்தது. இருளில் வாழும் ஜந்துவுக்குக் கண் எதற்கு என்று இயற்கையே அதைக் குறைத்துவிட்டதுபோலும். அதற்கு அவர், அப்போது அந்தமானில் தலைமை அதிகாரியாக இருந்த ஸ்டூவர்ட்டின் பெயரைச் சேர்த்து நெஃப்ராப்சிஸ் ஸ்டூவர்ட்டி என்று நாமகரணம் செய்தார். பின்னர் 1891-இல் அவரும் அல்காக்கும் சேர்ந்து விவரித்த ஓர் இறால், இந்தியக் கடற்படைத் துறையின் தலைவராக இருந்த ஹெக்ஸ்ட்டின் பெயரால் சொலனோசெரா ஹெக்ஸ்டி என்று ஆயிற்று. கப்பலும் வலையும் அதிகாரிகளின் தயவால் கிடைத்த காலமாகையால், நன்றிக்கடன் இவ்வாறு லத்தீன் உருவில் செலுத்தப்பட்டது. இதைப் பழிப்பதற்கில்லை, ஆனால் வலையை இழுத்த மாலுமிகளில் ஒருவருடைய பெயராவது அவ்வாறு ஏறியிருக்கலாகாதா என்று மனம் கேட்கத்தான் செய்கிறது.

பம்பாயில் கட்டப்பட்டு 1881-இல் நீரில் இறங்கிய இன்வெஸ்டிகேட்டர் என்னும் மரக்கப்பல், பக்கச் சக்கரங்களால் இயங்கும் 580 டன் நீராவிக் கலம். கரையோரங்களை அளந்து படம் வரைவதே அதன் உத்தியோகம். உயிரினங்களைத் தேடுவது இடையிடையே கிடைத்த அவகாசத்தில் நடந்த காரியம். கப்பலின் வைத்தியரே இயற்கை நூலறிஞராகவும் இருக்க வேண்டும் என்ற ஏற்பாட்டின்படி 1884-இல் வந்து சேர்ந்த ஜைல்ஸ், பிற்காலத்தில் கொசுக்களைப் பற்றிய நூலால் புகழ் பெற்றவர். எனினும் வங்காள விரிகுடாவின் சிற்றுயிர்களை நேசிப்பவர்களுக்கு அவர் வேறு காரணத்தால் வணக்கத்துக்குரியவர். நண்டையும் பெரிய இறாலையும் விட்டுவிட்டு, பக்கவாட்டில் தட்டையான உடலும் முன்னும் பின்னுமாக மடங்கும் கால்களும் உடைய ஆம்பிப்பாடு என்னும் நுண்ணிய வகுப்பில் அவர் கண் வைத்தார். வங்காள ஆசியச் சங்கத்தின் சஞ்சிகையில் அவர் எழுதிய கட்டுரைகளில், ஒன்றில் ஆறும் மற்றொன்றில் ஏழுமாகப் புதிய ஆம்பிப்பாடுகள் விவரிக்கப்பட்டன. நம் கடலின் மிகச் சிறிய ஓட்டுடலிகளுக்கென்று ஒருவர் தனியே உட்கார்ந்து எழுதிய முதல் ஏடுகளில் அவை சேரும்.

அவருக்குப் பின் 1888 முதல் 1892 வரை கப்பலில் இருந்த ஆல்ஃபிரட் அல்காக், இந்தச் சரித்திரத்தின் பெருந்தலைவர். அவர் பயன்படுத்திய வலை, அடித்தளத்தில் எந்தப் பக்கமாக விழுந்தாலும் வாய் திறந்தே இருக்கும்படி அமைந்தது. எஃகு வடத்தில் கட்டி இறக்கி, நீராவி இயந்திரத்தால் சுற்றி மேலேற்றுவதற்குள் மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பல வேளைகளில் சேறு மட்டுமே வரும். சில வேளைகளில் வலை அறுந்து ஒன்றுமே வராது. வந்தவற்றுள்ளும் பெரும்பாலானவை அழுத்தமும் வெப்பமும் மாறியதால் உயிரிழந்து, கால்கள் உதிர்ந்து கிடக்கும். ஒருமுறை உயிரோடு வந்த ஹெட்டரோகார்ப்பஸ் அல்ஃபோன்சி என்னும் இறால், உணர்கொம்புகளின் அடியிலிருந்து நீல ஒளி வீசும் திரவத்தைப் புகைமண்டலம்போல நீரில் கக்கியதை அவர் வியப்போடு எழுதியிருக்கிறார். மழைக்காலத்தில் கப்பல் துறைமுகத்தில் ஓய்ந்திருக்கும்போது கல்கத்தாவுக்குச் சென்று குப்பிகளைத் திறந்து உட்காருவது அவர் வழக்கம். 1893-இல் உட்-மேசன் காலமானபின் காட்சிச்சாலையின் தலைமைப் பொறுப்பை ஏற்று, 1901-இல் இந்திய ஆழ்கடல் ஓட்டுடலிகளின் விவர அட்டவணையையும், 1902-இல் இந்தியக் கடல்களில் தம் அனுபவங்களைக் கூறும் நூலையும் வெளியிட்டார். பின்னதைப் போன்ற இனிய நடையில் அமைந்த சாஸ்திர நூல்கள் அரியவை. அவருடைய பெரும்பணிக்கு உயிர் கொடுத்த படங்களை வரைந்தவர்கள் அபய சரண் சௌத்ரி, சிவ சந்திர மண்டல் என்னும் வங்காளச் சித்திரக்காரர்கள். ஒரு கொடுக்கின் ஓரத்திலுள்ள பற்களைக்கூட எண்ணி எழுதியதுபோல வரைந்த அவர்கள் இருவரும், அந்த இனங்களின் விவரணத்தில் பாதி ஆசிரியர்கள் என்றே நான் கொள்கிறேன்.

அல்காக் வங்கக்கடலில் வலை வீசிக்கொண்டிருந்த அதே 1889-இல்தான், கிடங்கிலையும் எயிற்பட்டினத்தையும் பாடும் சிறுபாணாற்றுப்படை உள்ளிட்ட பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையோடு உ. வே. சாமிநாதையர் பதிப்பித்தார். ஏடு ஏடாக ஒப்புநோக்கி, ஓர் எழுத்தின் வேறுபாடு எழுதியவன் கைப்பிழையா, உண்மையான பாடபேதமா என்று நிர்ணயிக்க ஐயரவர்கள் எடுத்துக்கொண்ட சிரத்தையே, ஒரு சிற்றுயிரைப் புதிய இனம் என்று துணிவதற்கும் வேண்டியிருக்கிறது. மூன்று மில்லிமீட்டர் நீளமுள்ள ஜந்து ஒன்றைக் கிளிசரின் துளியில் கிடத்தி, நுண்ணிய ஊசிகளால் அதன் தாடைகளையும், வாய்க்கால்களையும், மார்புக் கால்களையும், வால்முனை உறுப்புகளையும் ஒவ்வொன்றாகக் கழற்றிக் கண்ணாடித் தகடுகளின் மேல் பதிக்க வேண்டும். காமிரா லூசிடா என்னும் கருவியை நுண்பெருக்கியில் பொருத்தினால், கண்ணுக்கு ஜந்துவும் காகிதமும் ஒருங்கே தெரியும். அந்த நிழலைப் பின்பற்றி எழுதுகோலால் கோடிழுக்க வேண்டும். கோப்பிப்பாடுகள் என்னும் வகுப்பின் பல குலங்களில் ஆணின் ஐந்தாம் கால் இணையே இனத்தைக் காட்டிக்கொடுக்கும். இடக்கால் ஒரு வடிவமும் வலக்கால் ஒரு வடிவமுமாக வளைந்து நிற்கும் அந்த உறுப்பு, முழு உடலையே காண்பதற்கு அரிதாயிருக்கும் ஜந்துவில், எவ்வளவு சிறிதாக இருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம். ஒரு முள் கூடுதலாக இருந்தால் அது இனவேற்றுமையா, வயதின் வேற்றுமையா, ஆண் பெண் வேற்றுமையா என்ற ஐயத்தைத் தீர்க்கப் பல உடல்கள் வேண்டும். ஆழ்கடலோ பெரும்பாலும் ஒன்றையே, அதுவும் கால் ஒடிந்ததையே கொடுக்கும். அதற்கு முன் உலகில் எவரேனும் அதை வேறு பெயரால் விவரித்திருக்கிறாரா என்று எல்லா மொழி ஏடுகளையும் தேட வேண்டும். விவரித்திருந்தால் முந்திய பெயரே நிற்கும், பிந்தியவருடைய உழைப்பு அடிக்குறிப்பில் ஒதுங்கும்.

இந்த வித்தை தமிழ்நாட்டுக்குக் குடிவந்தது சென்னைப் பல்கலைக்கழகத்தின் விலங்கியல் ஆராய்ச்சிச் சாலை வழியாக. ஆர். கோபாலய்யர் தலைமையில் வளர்ந்து, சி. பி. ஞானமுத்துவின் காலத்தில் ஒட்டுண்ணிக் கோப்பிப்பாடுகளை ஆராய்ந்த அந்தச் சாலைக்கு ஆழ்கடல் செல்லக் கப்பல் இல்லை. ஆகவே நம்மவர்கள் மீனின் செவுளிலும், கடற்பாசியிலும், அலை நனைக்கும் மணலின் துகள்களுக்கு இடையிலும் தேடினார்கள். எஸ். கிருஷ்ணசாமி 1950-களில் சென்னைக் கடற்கரை மணலிடுக்குகளில் வாழும் கோப்பிப்பாடுகளை விவரித்தார், கே. நாகப்பன் நாயரின் சென்னைக் கரை ஆம்பிப்பாடுகளைப் பற்றிய நூல் 1959-இல் சென்னை அரசாங்கக் காட்சிச்சாலை வெளியீடாக வந்தது. காலடியில் கிடந்த மணலே அவ்வளவு புதுமைகளை ஒளித்து வைத்திருந்தது என்றால், கண்ணுக்கெட்டாத ஆழம் எவ்வளவு வைத்திருக்கும்! இதற்கிடையே, இந்தியக் கடல் அளவைத் துறையின் வைத்தியராக இருந்த ஸ்யூவெல், இந்தியக் கடல்களின் கோப்பிப்பாடுகளைப் பற்றிப் பெரிய கிரந்தங்கள் எழுதி, இந்திய விலங்கியல் அளவைத் துறையின் தலைவராகவும் இருந்து, 1933-34-இல் மபாஹிஸ் என்னும் எகிப்தியக் கப்பலில் அரபிக்கடல் ஆராய்ச்சியை நடத்திச் சென்றார்.

1960-களின் தொடக்கத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் நிலையம் பரங்கிப்பேட்டையில் நிலைபெற்று, ஆர். வி. சேஷய்யாவின் தலைமையில் உயராய்வு மையமாக உயர்ந்தபோது, அது எங்கோ தொலைவில் நடந்த காரியமன்று; விழுப்புரமும் திண்டிவனமும் பரங்கிப்பேட்டையும் அன்று ஒரே ஜில்லா. எழும்பூரிலிருந்து திண்டிவனம், விழுப்புரம், கடலூர் வழியாகச் சிதம்பரம் நோக்கிச் சென்ற மீட்டர்கேஜ் வண்டியில் ஏறியவர்கள், வெள்ளாற்றின் கழிமுகத்தை அடுத்த அந்தச் சிற்றூரில் இறங்கி, கல்கத்தாவிலும் சென்னையிலும் மட்டுமே கற்க முடிந்திருந்த கலையைத் தம் ஜில்லாவிலேயே கற்கலாம் என்ற நிலை அப்போது பிறந்தது.

அதே பத்தாண்டில் நடந்த பன்னாட்டு இந்துமாக்கடல் ஆராய்ச்சி, நம் கரைக்கு எதிரேயே வேறொரு செய்தியை வெளிப்படுத்தியது. கடலூர், புதுச்சேரி, பாலாறு என்னும் பெயர்களால் இன்று வழங்கும் பெரும் பள்ளத்தாக்குகள் கடலடியில் கிடப்பது, ஆழங்களை அளந்தபோது தெரியவந்தது. மரக்காணத்தில் நின்று கிழக்கே நோக்குபவர், கடல் மெல்ல மெல்ல ஆழமாகிக்கொண்டே போகும் என்று எண்ணுவது இயல்பு. ஆனால் கண்டத்தின் விளிம்பு அங்கே கூரிய பிளவுகளாக வெட்டுண்டு ஆழத்தில் இறங்குகிறது. கரையின் வண்டலும் மக்கிய தழையும் அவ்வழியே கீழே சென்று ஆழ்கடலின் சிற்றுயிர்களுக்கு உணவாகும். 1984-இல் நம் நாட்டுக்கு வந்த சாகர் சம்பதா என்னும் ஆராய்ச்சிக் கப்பல் ஆழ்கடல் சேகரிப்பை மீண்டும் உயிர்ப்பித்தது.

புதிதாகக் கிடைப்பவற்றோடு ஒப்பிடும்போதுதான் பழைய குப்பிகளின் பயன் விளங்குகிறது. ஐசோப்பாடு வகுப்பில் முழங்கை நீளம் வளரும் பாத்தினோமஸ் என்னும் ஆழ்கடல் ஜந்து, 1879-இல் மெக்சிகோ வளைகுடாவிலிருந்து விவரிக்கப்பட்டது. இன்வெஸ்டிகேட்டர் வங்கக்கடலில் அதுபோன்ற ஒன்றைப் பிடித்தபோது, அதே இனம் என்றே கொள்ளப்பட்டது. ஒரு நூற்றாண்டுக்கு மேல் கழித்து, லோரி, டெம்ப்சி என்னும் இருவர் இந்துமாக்கடலிலும் பசிபிக்கிலும் கிடைத்தவற்றை ஒப்பிட்டு, அவை அட்லாண்டிக் இனத்தினின்று வேறுபட்டவை என்று 2006-இல் காட்டினர். இந்தியக் கடலுக்குரியது பாத்தினோமஸ் கீபிலீ என்று தனிப்பெயர் பெற்றது. அவ்வாறே அல்காக்கின் பெயரால் 1938-இல் ரமதான் என்பவர் விவரித்த அரிஸ்டியஸ் அல்காக்கி என்னும் செந்நிற இறால், இன்று கொல்லத்திலும் தூத்துக்குடியிலும் கூடைகூடையாக இறங்கி ஏலம் போகிறது. பெயரிடும் வழக்கமும் காலத்தோடு மாறியிருக்கிறது. கொல்லத்தை அடுத்த ஆழ்கடலில் பிடிபட்ட மீனின் செவுளறையில் வாழும் சிறிய ஐசோப்பாடு ஒன்றுக்கு, நம் ஆராய்ச்சியாளர்கள் அண்மையில் புருசெத்தோவா இஸ்ரோ என்று பெயரிட்டார்கள். ஸ்டூவர்ட்டும் ஹெக்ஸ்ட்டும் நின்ற இடத்தில் நம் விண்வெளி ஸ்தாபனம் நிற்பதைக் காண மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறது.

மத்திய அரசாங்கம் 2021-இல் அனுமதித்த ஆழ்கடல் திட்டத்தின்படி, பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் மனிதரையே 6000 மீட்டர் ஆழத்துக்கு இறக்கும் மத்ஸ்யா கலத்தை உருவாக்கி வருகிறது. பாராட்டத்தக்க முயற்சி, ஆனால் மேலே வரும் சிற்றுயிரைக் கையில் வாங்கி அதன் ஐந்தாம் காலைக் கழற்றி வரையத் தெரிந்தவர்கள் ஆண்டுக்காண்டு குறைந்து வருகிறார்கள். மரபணுப் பரிசோதனை இன்று பெரிதும் துணைசெய்கிறது என்பது உண்மையே. அது இரண்டு உடல்கள் வேறுபடுவதைச் சொல்லும், அவை எந்த அங்கத்தால் வேறுபடுகின்றன, எவ்வாறு உண்கின்றன, எதைப் பற்றிக்கொண்டு வாழ்கின்றன என்பதை உடலைப் படித்தவரே சொல்ல முடியும். விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் விலங்கியல் பயிலும் மாணவர்கள் இதற்குக் கப்பலை எதிர்பார்த்திருக்க வேண்டியதில்லை. ஆழ்கடலில் இழுத்த இழுவலைகள் துறைமுகத்துக்கு வந்ததும், விலைபோகாதவை என்று ஒதுக்கப்படும் குவியல்களிலிருந்தே அண்மைக்காலத்தில் பல புதிய இனங்கள் விவரிக்கப்பட்டிருக்கின்றன. அந்தக் குவியலில் ஒரு மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்து, ஒட்டியிருப்பதை எரிசாராயக் குப்பியில் இட்டு, எந்தப் படகு, எந்த இடம், எத்தனை பாகம் ஆழம், எந்த நாள் என்பவற்றைப் படகோட்டியிடமே கேட்டு, பென்சிலால் எழுதிய சீட்டைக் குப்பிக்குள்ளேயே போட்டுவிட வேண்டும். மையால் எழுதினால் சாராயத்தில் கரைந்துவிடும். இடம் தெரியாத உடல் எவ்வளவு அரியதானாலும் விவரணத்துக்கு உதவாது.